ஜப்பான் வாள்: அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



போன பருவத்தில் ஒருநாள் ஹீட் ட்ரீட்மென்ட் பாடம் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். "ஒரே இரும்புத் துண்டு. அதன் ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி கடினமாக இருக்கணும். முதுகு உடையாமல் வளைந்து கொடுக்கணும். எப்படிச் செய்வீங்க?" யாரும் வாய் திறக்கவில்லை. அவர் கரும்பலகையில் ஒரு வளைந்த வாளை வரைந்து, அதன் ஓரத்தில் அலை அலையாக ஒரு கோடு போட்டார். "ஜப்பான்காரன் இதை எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே மண்ணைப் பூசிச் செய்துவிட்டான்" என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் இருக்கிறது. என் அப்பா பட்டறையில் வேலை செய்கிறவர். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை அடிக்கிற பட்டறை. காய்ச்சிய அரிவாளை அவர் தண்ணீரில் தோய்த்து எடுக்கும்போது 'சுர்ர்' என்று வரும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்தச் சத்தத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, வாள் செய்வதைவிட இன்னொரு விஷயம் பெரிய ஆச்சரியமாகத் தெரிந்தது. எழுநூறு வருடத்துக்கு முன்பு செய்த ஒரு இரும்பைக் கையில் வாங்கி, "இது இன்ன காலம், இன்ன ஊர், இன்ன கொல்லன் செய்தது" என்று சொல்கிறவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். அதை நம்பி லட்சம், கோடி யென் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்? எதை வைத்து நம்புகிறார்கள்? இதைத்தான் எனக்குப் புரிந்த அளவில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஜப்பான் வாளை நான் நேரில் பார்த்ததில்லை. படித்ததும், நம் வகுப்பில் கற்றதும், அப்பாவிடம் கேட்டதும்தான் என் முதல்.

மணலில் தொடங்கும் எஃகு

அசலை அறிய வேண்டுமானால், அது எப்படிப் பிறக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஜப்பான் வாளுக்கான எஃகின் பெயர் 'தமாஹகானே'. இது இரும்பு மணலிலிருந்து எடுக்கப்படுகிறது. 'ததாரா' என்கிற களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று நாள் இரவு பகலாக எரிப்பார்கள். ஷிமானே மாநிலத்தில் ஒகுயிசுமோ என்ற இடத்தில் இப்படிப்பட்ட உலை ஒன்றை 1977ல் மறுபடி உயிர்ப்பித்தார்கள். ஒருமுறை எரிக்க ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் போகிறது. கடைசியில் உலையை உடைத்தால் கிடைப்பது சுமார் 2.5 டன் எடையுள்ள ஒரு பாளம். அதிலும் வாளுக்கு ஏற்ற நல்ல எஃகு ஒரு பகுதிதான். இன்றைக்கு வாள் செய்கிறவர்களுக்கு இங்கிருந்துதான் எஃகு போகிறது.

இந்த எஃகில் கார்பன் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அதனால் கொல்லர் அதைக் காய்ச்சி, அடித்து நீட்டி, நடுவில் வெட்டி மடித்து, மறுபடி அடிக்கிறார். 10 முதல் 15 தடவை வரை மடிப்பது வழக்கம். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 மடிப்பு என்றால் 32,768 அடுக்கு! இதில் கசடு வெளியேறுகிறது, கார்பனும் பரவலாகிறது. மடித்ததன் அடையாளம் எஃகின் மேல் மரத்தின் ரேகை போல மெல்லியதாகத் தங்கிவிடுகிறது. இந்த ரேகையை 'ஹதா' என்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பல வாள்களில் உள்ளே மென்மையான இரும்பும் வெளியே கடினமான எஃகும் இருக்கும். நம்மூர் அரிவாளிலும் வாய்ப்பக்கம் எஃகு வைத்து அடிப்பது உண்டு. பட்டறைக்காரர்களுக்கு இது புதிதில்லை.

தண்ணீரில் நடக்கும் பரீட்சை

இனிமேல்தான் முக்கியமான கட்டம். வாளை அடித்து முடித்ததும் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்த ஒரு குழம்பை அதன் மேல் பூசுகிறார்கள். முதுகுப் பக்கம் கனமாக, வாய்ப்பக்கம் மெல்லியதாக. பிறகு பட்டறையை இருட்டாக்கிவிட்டு வாளைக் காய்ச்சுகிறார்கள். எதற்கு இருட்டு? எஃகின் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமே! அவர்களிடம் பைரோமீட்டர் கிடையாது. கண்தான் பைரோமீட்டர். ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஒரே மூச்சில் தண்ணீரில் இறக்குகிறார்கள்.

மண் மெல்லியதாக இருக்கும் ஓரம் சட்டென்று குளிர்ந்து மார்டென்சைட் ஆகிறது. மண் கனமாக இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து பியர்லைட் ஆக நிற்கிறது. ஓரம் கடினம், முதுகு இளக்கம். ஆசிரியரின் கேள்விக்குப் பதில் இதுதான். மார்டென்சைட் ஆகும்போது எஃகின் பருமன் கொஞ்சம் கூடும். ஓரம் விரிகிறது, முதுகு அவ்வளவு விரிவதில்லை. அதனால் வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. ஜப்பான் வாளின் அந்த அழகான வளைவில் பெரும் பங்கு இந்தத் தண்ணீர்த் தொட்டியில் உண்டாவது. எத்தனை அழகான பாடம் பாருங்கள்!

கடினமான பகுதியும் இளக்கமான பகுதியும் சந்திக்கிற எல்லைதான் 'ஹமோன்'. மெருகேற்றியதும் வெண்மையாகத் தெரியும் அந்த அலைக்கோடு. உற்றுப் பார்த்தால் அதில் தனித்தனியாக மின்னும் பொடிகள் இருக்கும், அவை 'நிஏ'. பொடி தெரியாமல் பனிமூட்டம் போல இருந்தால் 'நியோய்'.

எல்லா வாளும் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. தண்ணீரில் விட்டதும் ஓரத்தில் விரிசல் விழுந்தால் பல மாத உழைப்பு வீண். ஓரத்துக்குக் குறுக்காக விழும் இந்த விரிசலைச் சேகரிப்பாளர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். மயிரிழை அளவு என்றாலும் வாளின் மதிப்பு அதோடு போயிற்று.

கையெழுத்து இருந்தால் போதுமா?

"கொல்லன் பேர் வெட்டியிருந்தால் அவன் செய்ததுதானே? இதில் என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாளின் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புப் பகுதிக்கு 'நாககோ' என்று பெயர். கொல்லர் உளியால் தன் பெயரை அதில்தான் வெட்டுகிறார். சிலர் ஊரும் தேதியும்கூட வெட்டுவார்கள். இந்தக் கையெழுத்து 'மேய்'. ஆனால் பெயர் பெற்ற கொல்லனின் வாளுக்கு விலை அதிகம் என்று தெரிந்த நாளிலிருந்தே பொய்க் கையெழுத்தும் உண்டு. அதற்கு 'கிமேய்' என்று தனிப் பெயரே இருக்கிறது. 17ம் நூற்றாண்டில் எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) நாகசோனே கொதெத்சு என்றொருவர் இருந்தார். முதலில் கவசம் செய்தவர், பிறகு வாளுக்கு வந்தவர். அவர் பெயரில் எவ்வளவு போலி உலவுகிறது என்றால், கொதெத்சு கையெழுத்தைக் கண்டால் முதலில் போலி என்றே எண்ணிக்கொள் என்று ஜப்பானில் ஒரு வழக்கே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. கையெழுத்தே இல்லாத வாள் பல சமயம் அசலாக இருக்கும்! பழைய காலத்து நீளமான வாள்களைப் பிற்காலத்தில் இடுப்பில் செருக வசதியாகக் குட்டையாக்கினார்கள். நுனியை வெட்டினால் வாளின் அழகு போய்விடும். அதனால் கைப்பிடிப் பக்கத்திலிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டிய துண்டோடு கையெழுத்தும் போய்விடும். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற கொல்லரான மசமுனே செய்தவை என்று மதிக்கப்படும் வாள்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துக் கிடையாது.

ஆக, பெயர் இருப்பது மட்டும் போதாது. பெயர் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. பிறகு எதைத்தான் பார்க்கிறார்கள்?

வாளைப் படிக்கும் முறை

இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நம்ம ஒர்க்‌ஷாப் இன்ஸ்பெக்ஷன் மாதிரிதான்.

முதலில் வடிவம். வாளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து வளைவையும் அகலத்தையும் பார்க்கிறார்கள். வடிவம் காலத்தைச் சொல்லும். 12ம் நூற்றாண்டு வாக்கில் செய்தவை மெல்லியவை. வளைவு கைப்பிடி அருகே ஆழமாக இருக்கும், நுனி சிறியது. 14ம் நூற்றாண்டில் வாள் அகன்று நீண்டு, நுனியும் பெரிதாகிறது. 1660களில் செய்தவற்றில் வளைவு மிகவும் குறைவு. சண்டை போடும் முறை மாற மாற வாளும் மாறியது.

இரண்டாவது எஃகின் மேல்பரப்பு. முன்னால் சொன்னேனே, ஹதா என்கிற மர ரேகை, அது ஊரைச் சொல்லும். பழைய வாள்களில் யமாஷிரோ, யமாதோ, பிசென், சோஷு, மினோ என்று ஐந்து பெரிய மரபுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. பழைய பிசென் வாள்களில் ஹமோனுக்கு மேலே மங்கலாக ஒரு நிழல்கூடத் தெரியும்.

மூன்றாவது ஹமோன். இது பட்டறையையும் ஆளையும் சொல்லும். சிலருடையது நேர்க்கோடு. சிலருடையது அலை. பிசென் கொல்லர்களுடையது கிராம்பு மொட்டுகளை அடுக்கி வைத்தது போல இருக்கும். நுனியில் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது என்பதையும் பார்ப்பார்கள். நாம் வேகமாக எழுதும்போது வரும் 'ழ'வை வைத்தே பரீட்சைத் தாள் யாருடையது என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறாரே, அதுபோல.

கடைசியாகத்தான் கைப்பிடிப் பகுதி. துருவின் நிறம், அரத்தால் தேய்த்த கோடுகளின் சாய்வு, முளை அடிக்கும் துளை, அடிமுனையின் வடிவம் எல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு வருகிறார்கள். உளி வெட்டிய பள்ளத்துக்குள்ளும் வெளியே இருக்கிற அதே வயதுள்ள துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாள் ஒரு காலம், துரு ஒரு காலம், எழுத்து ஒரு காலம் என்று வந்தால் சந்தேகம்தான்.

இந்த வரிசையைப் பாருங்கள். கையெழுத்து கடைசி! முதலில் வேலை பேச வேண்டும், பிறகுதான் பெயர்.

இதைப் பழகுவதற்கு ஜப்பானில் ஒரு பரீட்சையே வைக்கிறார்கள். கைப்பிடிப் பகுதியை மூடி மறைத்துவிட்டு வாளை மட்டும் காட்டுவார்கள். பார்த்தவர் கொல்லன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் 'அதாரி'. ஆள் தப்பு, ஆனால் அதே பட்டறையின் நெருங்கிய கை என்றால் 'தோஸென்', அதாவது சரிக்குச் சமம். முற்றிலும் தவறென்றால் 'இயா'. நம் வைவாவில் பாதி சரியாகச் சொன்னால் பாதி மார்க் போடுகிற ஆசிரியர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காகிதக் கப்பலும் சான்றிதழும்

ஒரிகாமி என்றால் காகிதத்தை மடித்துக் கொக்கு, கப்பல் செய்யும் கலை என்று நமக்குத் தெரியும். வாள் உலகத்தில் ஒரிகாமி என்றால் சான்றிதழ்! ஹோன்அமி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாளைச் சோதிப்பதும், மெருகிடுவதும், பராமரிப்பதுமாக இருந்தது. அவர்கள் வாளைப் பார்த்து, கொல்லன் பெயரையும் அது எத்தனை பொற்காசு பெறும் என்பதையும் எழுதி மடித்துக் கொடுத்த தாளுக்கு ஒரிகாமி என்று பெயர். இன்றைக்கும் ஜப்பானிய மொழியில் 'ஒரிகாமி உடையது' என்றால் 'தரம் உறுதியானது' என்று பொருள். 1719ல் ஷோகுன் தோகுகவா யோஷிமுனே கேட்டுக்கொண்டபடி நாட்டிலுள்ள புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தயாரித்ததும் இந்தக் குடும்பம்தான்.

இன்று அந்த வேலையைச் செய்யும் முக்கியமான அமைப்பு, 1948ல் தொடங்கப்பட்ட ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கம். டோக்கியோவில் ரியோகோகு பகுதியில் இவர்களுடைய வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. வாளை நேரில் அனுப்பினால்தான் சோதிப்பார்கள். தேறினால் நான்கு படிகளில் ஏதாவது ஒன்று கிடைக்கும்: 'ஹோசோன்' (பாதுகாக்கத் தக்கது), 'தோகுபெத்சு ஹோசோன்' (சிறப்பாகப் பாதுகாக்கத் தக்கது), 'ஜூயோ' (முக்கியமானது), 'தோகுபெத்சு ஜூயோ' (மிக முக்கியமானது). முதல் இரண்டு படிகள் 1982 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் வெளியான பழைய தாள்கள் சிலவற்றைச் சேகரிப்பாளர்கள் அப்படியே நம்பாமல் வாளை மறுபடி சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு வாளோடும் அரசுப் பதிவுச் சீட்டு ஒன்று இருக்க வேண்டும். மாநிலக் கல்விக் குழு கொடுப்பது. நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, வெட்டியிருக்கும் பெயர் எல்லாம் அதில் இருக்கும். வாள் கை மாறினால் 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் இது வைத்துக்கொள்ள அனுமதிதானே தவிர, அசல் என்பதற்கு அத்தாட்சி அல்ல. பொய்யாக வெட்டிய பெயரையும் அதில் அப்படியே எழுதியிருப்பார்கள். பைக்குக்கு ஆர்.சி. புத்தகம் இருப்பதால் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? அதுபோலத்தான்.

சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கட்டும். இந்தச் சான்றிதழ் இந்த வாளுக்குத்தானா? தாளில் உள்ள நீளம் பொருந்துகிறதா, கைப்பிடிப் பகுதியின் படம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

திரும்ப முடியாத தவறுகள்

பழைய வாள் கையில் கிடைத்தால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். லேபில் எமரித் தாள் வைத்துத் தேய்த்துப் பழகிய கை அல்லவா!

கைப்பிடிப் பகுதியின் துருவைத் தேய்த்தால் அந்த வாளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போட்டதற்குச் சமம். பல நூறு வருடம் சேர்த்த துரு மறுபடி வராது. வாளின் உடலில் துரு இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற மெருகுக்காரர் இருக்கிறார். இயற்கைக் கற்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, பல நாட்கள் தேய்த்து ஹமோனை வெளியே கொண்டுவருவார். அவர் தேய்த்தாலும் கொஞ்சம் எஃகு போகத்தான் போகும். பலமுறை மெருகிட்ட வாள் மெலிந்து, உள்ளே இருக்கும் மென் இரும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அதற்கு 'களைத்துப்போன வாள்' என்கிறார்கள். அதனால் அவசியம் இல்லாமல் மெருகுக்கே கொடுப்பதில்லை. மெல்லிய காகிதம், கல்பொடி, கிராம்பு வாசனை எண்ணெய், இவ்வளவுதான் வழக்கமான பராமரிப்பு. எஃகில் விரல் படக்கூடாது. வாளைப் பார்க்கும்போது பேசக்கூடாது; எச்சில் தெறித்தால் துரு பிடிக்கும்.

சில போலிகளில் ஹமோனையே அமிலத்தால் அரித்து வரைந்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் அலைக்கோடு இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் மின்னும் பொடியும் இருக்காது, பனிமூட்டமும் இருக்காது. தண்ணீரில் இறங்கித் தேறாத கோடு அது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நல்ல வாளாக இருக்கும். ஆனால் யாரோ அதில் பெரிய கொல்லனின் பெயரைப் பொய்யாக வெட்டியிருப்பார்கள். பொய்க் கையெழுத்து இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. அதனால் சில உரிமையாளர்கள் அந்தப் பெயரை அழித்துவிட்டு, கையெழுத்து இல்லாத வாளாக மறுபடி அனுப்புகிறார்கள். அப்போது உண்மையான பட்டறையின் பெயரில் சான்றிதழ் கிடைக்கவும் கூடும். ஆனால் பொய் என்று நினைத்தது பிற்காலத்தில் உண்மை என்று தெரிந்தால்? அழித்த எழுத்து திரும்பி வருமா? அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இதில் அவசரப்படுவதில்லை.

வைத்திருப்பவர் யார்?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1945ல் சரணடைந்ததும், ஆக்கிரமிப்புப் படை பொதுமக்களிடம் இருந்த வாள்களைப் பறிமுதல் செய்தது. அவர்கள் கணக்கில் அது ஆயுதம். எந்திரத்தில் செய்த ராணுவ வாளும் எழுநூறு வருடத்து வாளும் ஒரே குவியலில் கிடந்தன. ஹோன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் ஓடி ஓடி, இதில் கலைப்பொருளும் இருக்கிறது என்று அதிகாரிகளுக்குப் புரிய வைத்தார்கள். அதன்பிறகே கலை மதிப்புள்ளவற்றைப் பிரித்து எடுக்க அனுமதி கிடைத்தது. நான் மேலே சொன்ன சங்கம் 1948ல் பிறந்ததும் இந்தச் சூழ்நிலையில்தான். ஆக, 'இது அசல்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் பல வாள்கள் பிழைத்தன. இந்த அறிவு விலை சொல்வதற்கு மட்டும் ஏற்பட்டதில்லை.

எல்லாம் பிழைக்கவில்லை. தோகுகவா ஷோகுன்களின் பரம்பரை வாளாக இருந்த 'ஹோன்ஜோ மசமுனே' 1939ல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் அந்தக் குடும்பம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மற்ற வாள்களோடு அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தது. அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட அந்த வாள் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்னொன்று திரும்பி வந்தது. ககோஷிமாவில் உள்ள தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான வாள் ஒன்று. குனிமுனே என்ற பிசென் கொல்லர் செய்தது. இதுவும் போருக்குப்பின் காணாமல் போனது. அமெரிக்காவில் வால்ட்டர் காம்ப்டன் என்ற மருத்துவர் இருந்தார். மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவர், ஜப்பான் வாள்களைச் சேகரிப்பவர். அட்லாண்டா நகரில் ஒரு பழம்பொருள் கடையில் அவர் வாங்கிய வாள் அந்தக் குனிமுனேதான் என்று தெரியவந்தது. காசு கொடுத்து வாங்கியது, தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் ஒரு பைசா வாங்காமல் 1963ல் அதை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். வாளைப் படிக்கத் தெரிந்தவர் கையில் அது சிக்கியது நல்ல காலம். தெரியாதவர் வாங்கியிருந்தால் சுவரில் மாட்டி வைத்திருப்பார். தெரிந்தும் மனசு இல்லாதவர் என்றால் வாயே திறந்திருக்க மாட்டார்.

மூன்றாவது சம்பவம் அண்மையில் நடந்தது. ஒகயாமா மாநிலத்தில் செத்தோஉச்சி என்று ஒரு சிறிய நகரம். பழைய பிசென் கொல்லர்கள் வாழ்ந்த ஒசாஃபுனே பகுதி அதில் அடங்கும். 13ம் நூற்றாண்டில் பிசென் நாட்டில் செய்யப்பட்டு, போர்வீரர் உஎசுகி கென்ஷின் கையில் இருந்த ஒரு வாள் தனிநபர் ஒருவரிடம் இருந்தது. அதன் பெயர் 'யாமதோரிகே', காட்டுப் பறவையின் இறகு என்று அர்த்தம். தேசியச் செல்வம். கென்ஷினின் சொந்த ஊர்ப்பக்கமான ஜோயெட்சு நகரம் அதை வாங்க முயன்று, விலை ஒத்துவராமல் 2017ல் கைவிட்டது. பிறகு செத்தோஉச்சி நகரம், நம்ம ஊர்க் கொல்லன் செய்த வாள் நம்ம ஊருக்கே வரட்டும் என்று நாடு முழுவதும் நன்கொடை திரட்டி, 2020ல் ஏறத்தாழ 50 கோடி யென் கொடுத்து வாங்கியது. இன்று அது அந்த நகரத்தின் சொத்து.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அந்த வாளில் கையெழுத்து கிடையாது! அதைச் செய்த கொல்லனின் பெயர் யாருக்கும் தெரியாது. கிராம்பு மொட்டுகள் பொங்கி வழிவது போன்ற அதன் ஹமோன்தான் 'நான் பிசென் நாட்டு இச்சிமோன்ஜி பட்டறையில் பிறந்தவன்' என்று சொல்கிறது.

முடிவாக

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். பாதியைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "மண்ணப் பூசியா தோய்க்கிறாங்க?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நீங்க அடிச்ச அருவா எதுன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? பேரு எதுவும் போடுறதில்லையே" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "பேரு எதுக்குத் தம்பி? பத்து அருவாவோட கலந்து போடு, எடுத்துக் குடுக்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சான்றிதழ் வாங்கப்போகிறவன் நான். முதலாமாண்டு விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். 'கொல்லர்' என்று எழுத வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. மார்டென்சைட் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சிவப்பில் தண்ணீருக்குள் இறக்க வேண்டும் என்பது தெரியும். எனக்கு வார்த்தை தெரியும். அந்தச் சிவப்பு இன்னும் தெரியாது.

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நமக்கெல்லாம் டிப்ளமோ கிடைக்கும். அதுவும் ஒரு ஒரிகாமிதான். அதை வாங்க நம் வீட்டில் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாள் இல்லாவிட்டால் கம்பெனி வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் உள்ளே போனபிறகு, தாளையும் நம்மையும் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அப்போது நீளம் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்த விடுமுறையில் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் அந்தச் சிவப்பைக் கற்றுக்கொள்ளப் போகிறேன். சாயங்காலம், வெளிச்சம் குறைந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் நிறம் சரியாகத் தெரியுமாம்.